கம்பம் நடாத வருடம்

மூன்று மாதம். பாவாயிக்கு வயதில் குறைந்தது அவ்வளவுதான். இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

1933 ஜூலை பதினைந்தாம் தேதியன்று பதினாலரை வயது நிறைந்திருந்தால்தான் கல்லூரியில் இண்டர்மீடியட் வகுப்பில் சேர்ப்பார்கள். பள்ளிக்கூட ரிஜிஸ்தரில் பாவாயி பிறந்த தேதி 15-4-1919. மூன்று மாதம் போதவில்லை. ஒரு வருடம் வீட்டில் இருந்துவிட்டுப் போகட்டுமே என்பீர்கள். அவள் வீடு உங்களுக்குத் தெரியாது.

மல்லசமுத்திரத்துக்குத் தெற்கே இரண்டு மைலில் அவர்கள் காடு. அப்பா சென்றாயனுக்கு மூன்று ஏக்கர், ஒரு கிணறு, ஒரு ஜோடி மாடு. எழுத்து தெரியாது. தாயில்லாத பெண்ணைச் சேலத்தில், அஸ்தம்பட்டிப் பக்கம், விடுதியோடு இருந்த பெண்கள் பள்ளியில் கொண்டுபோய்ச் சேர்த்தார். அப்போது அவருடைய அக்கா பெருமாயி ஒரு வாக்கு வாங்கிக்கொண்டாள். படிப்பு என்றைக்கு நிற்கிறதோ, அன்றைக்குப் பெண் தன் மகனுக்கு. சென்றாயன் தலையாட்டினார். மகள் நிற்காமல் படிப்பாள் என்பது அவர் நம்பிக்கை. ஒரு வருடம் வீட்டில் உட்கார்ந்தால் கல்யாணம். கல்யாணம் ஆனால் கல்லூரி இல்லை. விஷயம் இதுதான்.

பள்ளியின் கடைசி வகுப்பான ஆறாம் பாரத்தில் கல்லூரிக்குப் போக இருந்தவர்கள் நான்கு பேர். தலைமையாசிரியை ராசம்மாள் டீச்சர் தினமும் பள்ளி விட்ட பிறகு அவர்களை ஒரு மணி நேரம் நிறுத்திவைப்பார். கல்லூரியில் எல்லாம் இங்கிலீஷில் ஓடும், யாரும் கரும்பலகையில் எழுதிப்போட்டு நிற்கமாட்டார்கள், காதில் விழும்போதே கையால் பிடிக்க வேண்டும் என்று சொல்லி, இங்கிலீஷ் பேப்பரை வேகமாகப் படிப்பார். பாவாயி முதலில் ஒரு சொல் விடாமல் எழுதப் பார்த்துப் பாதியில் தொலைந்துபோனாள். தீபாவளிக்குள் ஒரு பத்தியை நான்கு வரியில் அடக்கப் பழகிவிட்டாள். சரித்திரத்தில் முதல், கணக்கில் சுமார். கீழே இரண்டு வகுப்புகளைத் தாண்டி ஏறியவள் என்பதால் நால்வரில் சின்னவள். ரயிலில் ஏறியதே இல்லை. 'எனது ரயில் பயணம்' என்ற இங்கிலீஷ் கட்டுரைக்கு இருபதுக்குப் பதினாறு வாங்கினாள்.

பொங்கலுக்கு முந்தின வாரம் டீச்சர் கல்லூரி விண்ணப்பங்களை எடுத்துவைத்தார். அப்போதுதான் தேதி கண்ணில் பட்டது.

"ஏம்மா, உனக்கு வயசு பத்தாதே. இந்தத் தேதி சரிதானா?"

"தெரியலைங்க டீச்சர். அப்பா சொன்னதுங்க."

"ஊருக்குப் போய்க் கேளு. தப்புன்னா கிராமக் கணக்குல நகல் வாங்கிட்டு வா. பரீட்சை ஆரம்பிச்சுட்டா நான் ஒண்ணும் பண்ண முடியாது."

பாவாயி ஊர் வந்தபோது சென்றாயன் மாடு ஓட்டிக் கிணற்றிலிருந்து தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார்.

"தேதியெல்லாம் எனக்கெங்க சாமி தெரியும்? பங்குனி நோம்பி முடிஞ்சு பத்தா நாளு பொறந்தே. உன்ன ஊருப் பள்ளிக்கூடத்துல சேக்கையில வாத்தியாரு வயசு கேட்டாரு. நீ பொறந்த பொறவு எத்தனை கம்பம் பாத்தோம்னு எண்ணிச் சொன்னேன். அஞ்சு."

மாரியம்மன் கோயில் முன்னால் மரக் கம்பம் வெட்டி வந்து நட்டால்தான் அங்கே நோம்பி, அதாவது திருவிழா. வருடத்துக்கு ஒரு கம்பம். பிள்ளைகளின் வயதுக்கு ஊரில் அதுவே கணக்கு. அது தப்பும் என்று யாரும் நினைத்ததில்லை.

இருவரும் கிராமக் கணக்கு வைத்திருந்த மணியகாரர் வீட்டுக்குப் போனார்கள்.

"பொறப்புப் புஸ்தகத்தைக் கரையான் தின்னு நாலு வருசமாச்சு அம்மிணி. வேணும்னா அந்தக் கரையானைக் கேட்டுப் பாரு" என்றார் அவர்.

வெறுங்கையோடு திரும்பினார்கள். வாசலில் பெருமாயி கடலைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். சேதியைக் கேட்டதும் முறத்தைத் தள்ளிவைத்தாள்.

"இவளுக்குப் பதினாலுகூட ஆகலையாமா? எந்தக் கூறுகெட்டவன் சொன்னது? பதினஞ்சு நடக்குது. வயசை ஒளிச்சு வெச்சுக்கிட்டு எத்தனை நாளைக்குடா பள்ளிக்கூடம் அனுப்புவே?"

"அஞ்சு கம்பம் எண்ணித்தானக்கா சொன்னேன்."

"கம்பமே நடாத வருசத்தை எங்க போட்டே? வெசக் காச்சல்ல ஊட்டுக்கு ஊடு எளவு. அடுத்த பங்குனிக்குக் கம்பம் வெட்ட ஆரு இருந்தாங்க? அந்தக் காச்சல்லதானே இவ ஆத்தாளும் போனா! இவ அப்பத்தான் தவழ ஆரம்பிச்சா. நானல்லவா இடுப்புல வெச்சுக்கிட்டுத் திரிஞ்சேன்!"

சென்றாயன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைத்த பிறகும் துண்டை இறக்கவில்லை.

"அந்த வருசத்தை நான் எண்ணறதே இல்லக்கா" என்றார்.

பெருமாயி முறத்தை மறுபடி இழுத்துக்கொண்டாள். பாவாயிதான் கேட்டாள்: "அப்பா, அம்மா செத்ததை எழுதி வெச்சிருப்பாங்களா?"

மறுபடியும் மணியகாரர் வீடு. அந்த வருடத்துச் சாவுகள் வழக்கமான புத்தகத்தில் அடங்காமல் தனி நோட்டில் எழுதப்பட்டிருந்தன. நோட்டு தகரப் பெட்டிக்குள் இருந்ததால் கரையானுக்குத் தப்பியது. மணியகாரர் விரலை ஓட்டிக்கொண்டே வந்து, 1918 அக்டோபர் பக்கத்தில் நின்றார்.

"ஏஞ்சாமி, செத்து ஆறு மாசம் கழிச்சா உன்ர ஆத்தா உன்னப் பெத்தா? இந்த ஒரு வரி போதும். என்ர எழுத்து எனக்கே புரியாது. நீயே நகல் எழுது, நான் கையெழுத்துப் போடறேன்."

பாவாயி எழுதினாள். சென்றாயன் பக்கத்தில் வந்து நின்றார்.

"எந்த வரி சாமி?"

அவள் அப்பாவின் விரலைப் பிடித்து அந்த வரியில் வைத்தாள். அவர் வெகுநேரம் விரலை எடுக்கவில்லை. மணியகாரரும் அவசரப்படுத்தவில்லை.

விவரம் தெரிந்ததும் பெருமாயி, "என்ர வாயே எனக்குச் சத்துரு" என்று தலையில் அடித்துக்கொண்டாள். ஆனாலும் மறுநாள் பாவாயி சேலத்துக்குக் கிளம்பியபோது, உரித்த கடலையை வறுத்து மடியில் கட்டிவிட்டாள். "போ. என்ர மவனுக்கு வேற பொண்ணு பாக்கறேன்" என்றாள்.

பரீட்சைக்கு முன்னால் தேதி திருத்தப்பட்டது. 1933 ஜூனில் பாவாயி முதல் தடவையாக ரயிலேறித் திருச்சிக்குப் போய்க் கல்லூரியில் சேர்ந்தாள். நான்கு வருடத்தில் பி.ஏ. முடித்து, சேலத்துக்கே வந்து சரித்திர டீச்சரானாள்.

அன்று அவள் கையால் எழுதிய நகலைப் பெட்டியில் வைத்திருக்கிறாள். நான் கேட்டபோது எடுத்துக் காட்டினாள். ராமாயி, சென்றாயன் மனைவி. காரணம், காய்ச்சல். வயது, பத்தொன்பது.