பூதம் காத்திருக்குமாம்

மகள் கணினியில் விளையாடிக்கொண்டிருந்தாள்.

"ரொம்பக் கஷ்டமான லெவல்ப்பா. இப்ப அடிக்க நம்ம முறை. எம்புட்டு நேரம் யோசிச்சாலும் பூதம் காத்திருக்கும்."

காத்திருக்குமாம்! எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

ஐந்தாம் வகுப்போடு என்னைத் தீப்பெட்டி ஆபீசில் சேர்த்தார்கள். தங்கச்சியும் வந்தாள். ஒருநாள் பெட்டிக்குள் குச்சி அடைக்கும்போது குப்பென்று பற்றி அவள் விரல்கள் வெந்துவிட்டன. கருகிய தீக்குச்சி மருந்து வாசனை அடங்குவதற்குள் போர்மேன் வந்தார்.

"ஏலே, அவளுக்கு இன்னொரு கை இருக்குல்ல? லோடு நிக்குது."

என்ன சொல்வதென்று நான் யோசித்து முடிப்பதற்குள் அவளை மறுபடி உட்கார வைத்துவிட்டார்.

திரையில், காயம்பட்ட மந்திரக்காரச் சிறுமி பூதத்துக்கு முன்னால் நின்றாள்.

"அந்தப் பிள்ளைய மொதல்ல பின்னால கூட்டிட்டு வா!" கத்திவிட்டேன்.

"அவ அடிச்சாத்தான்ப்பா ஜெயிக்க முடியும்."

"ஜெயிக்க வேண்டாம். கூட்டிட்டு வா."