வெங்கடபதியின் முழு செட்

"இருங்க, இருங்க, வாரேன்" என்றபடி வெங்கடபதி மூக்குக்கண்ணாடியைத் துடைக்கிறார். வாசலில் யாரும் இல்லை. மடிக்கணினியின் கறுப்புத் திரையில் லினக்ஸ் இயங்குதளம் ஒரு கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருக்கிறது: இந்த மென்பொருள் இவ்வளவு இடம் பிடிக்கும், நிறுவலாமா, வேண்டாமா? மற்றவர்கள் என்றால் ஓர் எழுத்தைத் தட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். இவர் கேள்வியை முழுதாகப் படித்து, "ஆமாங்க, போடுங்க" என்று வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் தட்டுவார். பிழைச் செய்தி வந்தாலும் மரியாதை குறையாது. "ஏனுங்க, இப்ப என்ன கொறை உங்களுக்கு?"

கணபதி என்னும் பகுதியில் நெடுங்காலம் லேத்துப் பட்டறை நடத்தியவர். பட்டறையை வாடகைக்கு விட்டாயிற்று. சட்டைப் பையில் ஸ்டீல் ஸ்கேல் மட்டும் இன்னும் இருக்கிறது. அதை வைத்துத் தோசையின் கனத்தை அளந்து வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு. ஸ்பேனர் வாங்கினால் முழு செட்டாகத்தான் வாங்குவார். "உதிரியா வாங்குனா, வேணுங்கற அன்னிக்குப் பாத்து அந்த ஒண்ணு இருக்காதுங்க" என்பார். பழையதைத் தூக்கிப் போடும் பழக்கமும் கிடையாது.

இந்த மனிதர் அச்சுக்கோப்பு மென்பொருள் தேடி அலைவதற்குக் காரணம் மனைவி பங்காரம்மா. புரட்டாசிச் சனிக்கிழமை பஜனையில் அவர்தான் முன்பாட்டு. அவர் ஒரு வரி பாட, கூட்டம் அதைத் திருப்பிப் பாடும். பாட்டெல்லாம் தெலுங்கு, எழுத்தெல்லாம் தமிழ். பஜனைக்கு வரும் குடும்பங்களுக்குத் தெலுங்கு பேசத் தெரியும், படிக்கத் தெரியாது. 'க' என்ற ஒரே எழுத்தை நான்கு விதமாக உச்சரிக்க வேண்டியிருப்பதால், எழுத்தின் தலைக்கு மேல் சின்னச் சின்ன எண்கள் போட்டிருப்பார்கள். இப்போது பங்காரம்மாவின் சர்க்கரை விழித்திரையைத் தொட்டுவிட்டது. ஊசி போட்டு இருப்பதைக் காப்பாற்றலாம், போனது திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பாட்டுத்தாளில் எழுத்தெல்லாம் எறும்பாக ஊர்கிறது. தடுமாறுவதை யாராவது பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் போதும், தாளைக் கவிழ்த்துவிடுவார். இந்த வருஷம் பஜனைக்கு வரவில்லை என்று குழுவிடம் சொல்லியும் விட்டார். "தப்புந் தவறுமா பாடறதுக்கு ஊட்லயே இருந்துக்கறேனுங்க."

அதைக் கேட்ட அன்றே வெங்கடபதி பாட்டுத்தாளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். ஜெராக்ஸில் பெரிதாக்கிப் பார்த்தார், எண்கள் மைப்பொட்டுகளாகிவிட்டன. ஒரு டிடிபி கடையில் கொடுத்தார். "தூசின்னு நெனச்சு நம்பரை எல்லாம் சுத்தமா அழிச்சுப்போட்டாங்க" என்று சொல்லும்போது இப்போதும் மீசை துடிக்கிறது. கடைசியில் கம்ப்யூட்டர் ரிப்பேர்க் கடை உவைஸிடம் பழைய மடிக்கணினி ஒன்றை வாங்கி, தானே இறங்கிவிட்டார். லினக்ஸை ஏற்றிக் கொடுத்ததும் உவைஸ்தான்.

அதன் பிறகு ஒவ்வொரு மென்பொருளாக நடந்ததைப் பெண் பார்க்கும் படலம் என்றுதான் சொல்ல வேண்டும். லிப்ரே ஆபிஸில் எழுத்தைப் பெரிதாக்கினால் பக்கம் கலைந்தது. ஸ்கிரைபஸ் அழகுதான், ஆனால் ஒவ்வொரு பக்கத்துக்கும் கட்டம் கட்டி மாளவில்லை. டைப்ஸ்ட் வேகத்தைப் பார்த்து இரண்டு நாள் மயங்கிக் கிடந்தார். பிறகு லேடெக் வந்தது. அளவுகளை எழுதிக் கொடுத்துவிட்டால் பக்கத்தை அதுவே செய்து தருகிறது. "டிராயிங்கைக் குடுத்தா ஜாப்பை முடிச்சுக் குடுத்துருதுங்க. நம்ம சாதிங்க இது" என்று பட்டறைக்காரர் நெகிழ்ந்தார். அதிலும் துணைத் தொகுப்புகள் எல்லாம் சேர்ந்த முழு செட்டைத்தான் இறக்கினார். முன்பு பார்த்த மென்பொருள் எதையும் நீக்கவுமில்லை. தேவைப்படும் அன்று இல்லாமல் போனால் என்ன செய்வது?

"செஸ் கட்டம் வரையறதுக்குக்கூட இதுல சாமான் இருக்குது" என்று ஒருநாள் மனைவியிடம் பெருமையாகத் தெலுங்கில் சொன்னார். அந்த வீட்டில் பேச்சு எப்போதும் தெலுங்குதான். கோபம் வந்தால் மட்டும் பங்காரம்மா தமிழுக்கு மாறுவார்.

"ஏனுங்க, அதுல எம்பாட்டு இருக்குதுங்களா?" என்று தமிழில் கேட்டார்.

இல்லை. இத்தனை வாரத்தில் ஒரு வரிகூட அடித்திருக்கவில்லை. புரட்டாசி முதல் சனிக்கிழமைக்கு இரண்டே நாள் இருந்தது. அன்றே உட்கார்ந்து, ஒற்றை விரலால் முதல் பாட்டை எண்களோடு அடித்து முடித்தார். சேமிக்கப் போனால், வன்வட்டில் இடமில்லை என்றது கணினி. பாட்டு முழுதும் திரையில் நிற்கிறது, வைத்துக்கொள்ளத்தான் இடமில்லை. பயந்து உவைஸுக்கு போன் போட்டார்.

"ஏனுங்ணா, எல்லாத்தையும் ஏத்துனா அந்தச் சின்ன டிஸ்க்கு எங்கீங்க தாங்கும்? லேடெக்ல தமிழுக்கு வேணுங்கறதை மட்டும் வெச்சுக்கங்க. மிச்சத்தைக் கழட்டிப் போடுங்ணா."

கழற்றுவதா? வெங்கடபதி ஸ்கேலை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் ஒவ்வொன்றாக நீக்கத் தொடங்கினார். நீக்கலாமா என்று கணினி கேட்கும்போதெல்லாம், "ஆமாங்க, மன்னிச்சுக்கங்க" என்றார். செஸ் கட்டம் போனபோது மட்டும் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

பாட்டு பத்திரமானது. பெரிய எழுத்தில் பக்கம் திரையில் வந்தது. முதுகுக்குப் பின்னால், சமையலறையில், பாத்திர ஓசை நின்றது. பங்காரம்மா நெருங்கி வந்து, மெல்ல முதல் வரியைப் படித்து, பாடினார். இரண்டாம் வரியில் பாதியில் குரல் நின்றது.

வெங்கடபதி திரும்பவில்லை. எழுத்தின் அளவைக் கொஞ்சம் கூட்டி, "இருங்க" என்று கணினியிடம் முணுமுணுத்தார். பக்கம் மாறியது. குரல் வரவில்லை. இன்னும் கூட்டினார். இப்போது பக்கம் நாலே வரிதான் கொண்டது. சற்றுப் பொறுத்து, இரண்டாம் வரி முழுதாக வந்தது, எண்கள் காட்டிய உச்சரிப்பு ஒன்றும் பிசகாமல்.

சுருதிக்கும் வெங்கடபதிக்கும் என்றைக்குமே ஆகாது. இருந்தாலும், திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல், தொண்டையைச் செருமிக்கொண்டு, அந்த வரியைத் திருப்பிப் பாடினார்.