அருமை என்று எழுதிவிட்டாள்

என் தங்கை பகலில் மூக்குக்கண்ணாடிக் கடையில் ஃபிரேம் மாட்டுகிறாள். மீதி நேரத்தில் பத்திரிகை ஆசிரியை. ஆசிரியை என்றதும் பெரிய ஆபீஸ், சுழலும் நாற்காலி என்று நினைத்துவிட வேண்டாம். சாப்பாட்டு மேசைதான் ஆபீஸ். டைப் அடித்ததைக் கத்தரித்து, பசை தடவி, கோணல்மாணலாக ஒட்டி, ஜெராக்ஸ் எடுத்து, நடுவில் பின் அடித்தால் பத்திரிகை. ஒருமுறை ஒரு படத்தை நேராக்கப் போனேன், கையைத் தட்டிவிட்டாள்.

முழுக்க பங்க் பாட்டைப் பற்றிய பத்திரிகை. பங்க் வாசிக்கிறவர்கள் கிடாரைத் தடவிக்கொடுக்க மாட்டார்கள், வம்புக்கு இழுப்பார்கள். பாடுகிறவன் தொண்டையில் முள் சிக்கியவன் மாதிரி கத்துவான். அந்தப் பிள்ளைகளின் தொண்டைக்கும் சேர்த்துத்தான் கடவுளிடம் வேண்டிக்கொள்கிறேன்.

இவளோடு சேர்ந்து பத்திரிகை நடத்துகிறவர் லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர். லிஃப்ட்காரர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். சொந்தமாகக் குழு வைத்துப் பாடவும் செய்வார். இவர்கள் பாஷையே தனி. ‘குப்பை’ என்று எழுதினால் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுகிறார்கள் என்று அர்த்தம். ‘அருமை’ என்று எழுதினால் அந்தக் குழுவுக்கு அன்று பச்சைத் தண்ணீர்கூட இறங்காது.

லிஃப்ட்காரர் குழு புதிதாக ஒரு கேசட் போட்டது. கேட்ட தங்கைக்கு முகம் தொங்கிப்போனது. லிஃப்ட் கதவு மூடினதும் உள்ளே ஒரு மியூசிக் ஓடுமே, அந்த மாதிரி மழமழவென்று இருக்கிறதாம். எழுதுவதும் கிழிப்பதுமாக இருந்தாள். பொய் எழுத மனசு வரவில்லை. உண்மையை எழுதினால் அவர் கோபித்துக்கொண்டு போய்விடுவாரோ, போனால் பத்திரிகையும் போச்சே என்று என்னிடம் புலம்பினாள். கடைசியில் ‘அருமை’ என்றே எழுதி, எப்படிக் காட்டுவது என்று தெரியாமல் மேசைவிரிப்புக்கு அடியில் ஒளித்துவைத்தாள்.

அது அவள் புருஷன் கண்ணில் பட்டது. மாப்பிள்ளை குழாய் ரிப்பேர் பார்க்கிற நல்ல மனுஷர். மனைவி எழுத்தென்றால் பெருமை பிடிபடாது, ஆனால் அந்தப் பாஷை மட்டும் அவருக்கு ஏறவே இல்லை. பக்கம் ஒட்ட லிஃப்ட்காரர் வந்து உட்கார்ந்ததும், மாப்பிள்ளை அவர் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார்.

“தம்பி, உங்களை எங்கேயோ கொண்டுபோய் வச்சிருக்கா. வரிக்கு வரி அருமைதான்.”

லிஃப்ட்காரர் முகத்தில் ஈயாடவில்லை. தங்கை கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். தண்ணீர் கொண்டுபோன நான் அப்படியே நின்றேன். மாப்பிள்ளை மட்டும் சிரித்தபடி தாளை எடுத்து நீட்டினார்.

லிஃப்ட்காரர் படித்தார். முடித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து படித்தார்.

“எந்தப் பாட்டைச் சொல்ற?”

“ரெண்டாவது. அப்புறம் கடைசி.” தங்கை அவர் முகத்தையே பார்த்தாள். “போயிடுவியா?”

“முதல் பாட்டை ஏன் விட்ட? பாடும்போது எனக்கே கொட்டாவி வந்துச்சு. அதையும் எழுது.”

தங்கை டைப் மெஷினை இழுத்துக்கொண்டாள். அவர் சொல்லச் சொல்ல அடித்தாள். கொஞ்ச நேரத்தில் அவர் தன்னைத் தானே திட்டிக்கொள்வது எல்லை மீறிப்போயிற்று. கடைசிப் பாட்டில் டிரம் நன்றாகத்தான் இருக்கிறது, அதைத் திட்ட விடமாட்டேன் என்று இவள் மல்லுக்கு நின்றாள். என் டிரம்மை நான் திட்டுவேன், நீ யார் கேட்க என்று அவர் எகிறினார். பசைக் கையை ஆட்டி ஆட்டி இரண்டு பேரும் கத்தினார்கள்.

மாப்பிள்ளை என் பக்கம் குனிந்தார்.

“ஏங்க்கா, பாராட்டினதுக்கா இவ்வளவு சண்டை?”

“ஆமாம்பா” என்று சொல்லிவிட்டு, தண்ணீரை அவர் கையிலேயே கொடுத்தேன்.