கேஷுவலும் கேஷுவால்டியும்

சக்குபள்ளம் பக்கத்தில் ஓர் ஏலத்தோட்டத்தில் நான் குமாஸ்தா. என் மேஜைமேல் கிடந்த மஞ்சள் சீட்டுப் புத்தகம் இன்றும் கண்ணில் நிற்கிறது. அதிலிருந்து ஒரு சீட்டு கிழித்துக் கொடுத்தால்தான் எஸ்டேட் ஜீப் ஆஸ்பத்திரிக்குப் புறப்படும். நம்பர் உள்ள நிரந்தரத் தொழிலாளிக்கு மட்டுமே சீட்டு. நம்பர் இல்லாத கேஷுவல் ஆளுக்கு முடியாமல் போனால், சொந்தக்காரர் யாருடைய நம்பரையாவது போட்டு எழுதிவிடுவோம். பழைய மேனேஜருக்குத் தெரியும், கண்டுகொள்ள மாட்டார்.

எங்கள் லயத்து வரிசையில் அடுத்த வீட்டு அக்கா கேஷுவல்தான். என் அம்மா இறந்தபின் ஒரு மாதம் எனக்குச் சோறு போட்டவள். ஒருநாள் காலை ஏலச்செடிக்கு மருந்தடித்துக்கொண்டிருந்தவள் நுரை தள்ளிச் சரிந்துவிட்டாள். அவள் புருஷன், நான் அத்தான் என்று கூப்பிடுகிறவர், அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஆபீசுக்கு ஓடி வந்தார்.

"தம்பி, கேஷுவால்டிக்குக் கொண்டு போவணும். எங்க மதினி நம்பரப் போட்டு எழுதிக் குடுப்பா."

உள்ளே புது மேனேஜர் உட்கார்ந்திருந்தார். நான் குருமடத்தில் மூன்று வருடம் லத்தீன் படித்துவிட்டுப் பாதியில் ஓடி வந்தவன். அந்தப் பவிசைக் காட்ட எனக்கு அந்த நேரம்தான் கிடைத்தது. கேஷுவல் வேறு, கேஷுவால்டி வேறு என்று அவர் காதில் விழும்படி ஆரம்பித்தேன். ஒன்று அவ்வப்போது வந்துபோகும் ஆள். மற்றது அடிபட்டவன், அவனைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் இடம். இரண்டுக்கும் வேர் ஒன்றுதான், விழுவதைக் குறிக்கும் லத்தீன் சொல். எதிர்பாராமல் வந்து விழுவது தற்செயல், அதிலிருந்து கேஷுவல். அப்படி நேரும் விபத்து கேஷுவால்டி. மேனேஜர் சிரித்தார். நானும் சிரித்தேன். அக்கா வராந்தாவில் இழுத்துக்கொண்டு கிடந்தாள். கேஷுவலுக்குச் சீட்டு கிடையாது என்பதையும் யாரும் கேட்காமல் நானே சொன்னேன்.

அத்தான் அவளைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு நடந்தார். ஆட்டோ கிடைப்பதற்குள் உயிர் போய்விட்டது.

அடுத்த வாரம், அத்தான் நஷ்டஈடு கேட்டுப் போட்ட மனுவுக்குப் பதிலாக, அப்படியொருத்தி எங்கள் தோட்டத்தில் வேலையே செய்ததில்லை என்று லேபர் ஆபீசுக்கு இங்கிலீஷில் கடிதம் எழுதினேன். நடை பிரமாதம் என்றார் மேனேஜர். இன்று நான் ஹெட் கிளார்க். இப்போதெல்லாம் யார் விழுந்தாலும் ஜீப் போகிறது. நான்தான் போராடி வாங்கித் தந்தேன் என்று புதிய ஆட்கள் நினைக்கிறார்கள், நானும் மறுப்பதில்லை. வெட்கங்கெட்டவன்.

அன்று லேபர் ஆபீசில் கொடுத்த அந்தக் கடிதத்தின் நகலை அத்தான் என்னிடமே கொண்டுவந்து, தமிழில் படிக்கச் சொன்னார். படித்தேன். கையைக் கட்டிக்கொண்டு கேட்டவர், என்னைத் தம்பி என்று கூப்பிடவில்லை.

"அப்ப எம் பொஞ்சாதி இத்தன வருசமா எங்க வேல பாத்தா, சார்?"