அக்கா முடித்த ஓராண்டுப் பயிற்சி

எங்கள் அக்காவின் முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு வந்து, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அக்காவைப் பற்றி நல்லதாக நாலு வரி எழுது என்றார் அப்பா. நல்லதோடு இன்னொன்றையும் எழுத வேண்டியிருக்கிறது.

அக்கா மாரண்டஹள்ளியில் எங்கள் வீட்டின் முதல் பிள்ளையாகப் பிறந்தார். அப்பா, அம்மா இருவருக்கும் எழுதப் படிக்கத் தெரியாது. தினமும் பஸ்ஸில் பாலக்கோடு போய் அக்கா பிளஸ் டூ தேறினார். அதன்பின் மூன்று வருடம் தக்காளித் தோட்டத்தில்தான். வீட்டுக்கு யாராவது வந்தால் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வார். கேட்டதற்கெல்லாம் அம்மாதான் பதில் சொல்வார்.

ஓசூரில் ஒரு தொழிற்சாலை, பெண்களை ஓராண்டுப் பயிற்சிக்கு எடுப்பதாகத் தெரிந்தது. அப்பா ஒப்பவில்லை. அக்கா விண்ணப்பத்தை நிரப்பி, கைநாட்டு மையோடு அப்பாவின் முன்னால் வைத்துவிட்டு நின்றார். வெகுநேரம் கழித்து அப்பா விரலை நீட்டினார்.

பயிற்சியில் சேர்ந்து ஆறு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா ஊருக்கு வந்திருந்தார். அன்று தோட்டத்து மோட்டார் ஓடவில்லை. உள்ளே இருக்கும் கம்பிச்சுருள், அதாவது காயில், எரிந்துபோய்விட்டது, கழற்றிக்கொண்டு போக வேண்டும் என்றார் மெக்கானிக்.

"கொஞ்சம் தொறந்து காட்டுங்கண்ணா. காயில் எரிஞ்சிருந்தா வாசன வருமே" என்றார் அக்கா.

திறந்தால், ஒரு ஒயர் கழன்று கிடந்தது. அம்மாவின் பின்னால் ஒளிந்தவரா இவர் என்று வாயைப் பிளந்து நின்றேன். பன்னிரண்டு வருடப் படிப்பு தராத தைரியத்தை அந்த ஆறு மாதம் தந்திருந்தது. அப்பா அதைச் சந்தை முழுக்கச் சொல்லித் திரிந்தார்.

இனி எழுதுவது என்னைப் பற்றி. ஐ.டி.ஐ. முடித்து, ஒரு பட்டறையில் பயிற்சிக்குச் சேர்ந்து, நாலாம் மாதமே விட்டுவிட்டு வந்தவன் நான். வேலை கேட்டுப் போன இடமெல்லாம், பயிற்சி முடித்த சான்றிதழ் எங்கே என்றுதான் கேட்டார்கள். அக்காவுக்கும் அந்தக் கதி வரக்கூடாது என்று நினைத்தேன். அக்காவின் தொழிற்சாலையில், எடுத்த லீவையெல்லாம் கடைசியில் வேலை செய்து ஈடுகட்ட வேண்டும். அப்படிப் பிந்தினால் நிரந்தர வேலைக்கான பட்டியலில் பெயர் வராது.

பயிற்சி முடியப் பதினான்கு நாள் இருக்கும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா காய்ச்சலோடு வந்தார்.

"தம்பி, ஒடம்பு ஒரு மாதிரி இருக்குது. ரெண்டு நாளு வூட்டுல இருந்துட்டுப் போவட்டுமா?"

அம்மா அப்போது தோட்டத்தில் இருந்தார். கேட்டது என்னிடம்தான்.

"இன்னும் பதினாலு நாளுதானேக்கா. நான் பாதியில வுட்டுட்டு நிக்கறது பத்தாதா? மாத்திரை போட்டுக்கிட்டுப் போயிரு" என்றேன். பையைத் தூக்கிக்கொண்டு போய் ஓசூர் பஸ்ஸில் நானே ஏற்றிவிட்டேன். வீட்டில் யாரிடமும் இதை இன்றுவரை சொல்லவில்லை.

பயிற்சி முடிந்த மறுநாள் அக்கா ஓசூரில் தங்கியிருந்த அறையில் மயங்கி விழுந்தார். தந்தி கண்டு ஓடினோம். மஞ்சள் காமாலை முற்றிவிட்டது, முன்பே வந்திருக்க வேண்டும் என்றார் மருத்துவர். என்னைப் பார்த்ததும் அக்கா, "முடிச்சுட்டேன் தம்பி" என்றார். மூன்றாம் நாள் போய்விட்டார்.

பயிற்சிக்கு அனுப்பித்தான் பெண்ணைப் பறிகொடுத்தோம் என்று ஊரில் பேசுகிறார்கள். எங்கள் தெருவில் இரண்டு பெண்களுக்கு அதே பயிற்சிக்குக் கடிதம் வந்தும் பெற்றோர் அனுப்பவில்லை. பெரியவர்களே, அக்காவைப் பேச வைத்தது அந்தப் பயிற்சி. திருப்பி அனுப்பியது நான். அந்தப் பெண்களை அனுப்புங்கள். காய்ச்சல் என்றால் வீட்டுக்கு வந்து படுத்துக்கொள்ளச் சொல்லியும் அனுப்புங்கள்.

அக்காவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் சென்ற அறைத்தோழிகளுக்கும், பதினாறு நாளும் எங்கள் வீட்டில் உலை வைத்த அத்தைமார்களுக்கும், சான்றிதழை வீடு தேடிக் கொண்டுவந்த பயிற்சி அலுவலருக்கும் எங்கள் குடும்பம் என்றும் நன்றியுடையது.

அந்தச் சான்றிதழை அம்மா வருகிறவர்களிடமெல்லாம் காட்டுகிறார். நன்னடத்தை என்ற வரி வரைதான் நான் அவருக்குப் படித்துச் சொன்னேன். அதன் கீழே, 'எடுத்த விடுப்பு: இல்லை' என்று இருக்கிறது. எங்கள் வீட்டில் படிக்கத் தெரிந்தவன் இப்போது நான் ஒருவன்தான். உங்களில் யாராவது அந்த வரியையும் இந்தக் கட்டுரையையும் அம்மாவுக்குப் படித்துக் காட்டுங்கள். நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன்.