மேலே துளை வைத்த பெட்டி

என் வீட்டுக்காரர் ரகுபதி கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்கிறவர். மந்தைவெளியில் ஒற்றை ஷட்டர் கடை. கல்லாவில் நான், உள்ளே அவர். அடையாற்றங்கரையில் இருந்த எங்கள் வீடுகளை இடித்துப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பிய பிறகும் கடையை மட்டும் நகர்த்த மாட்டேன் என்று சொல்லிவிட்டார். வாய் திறந்து நாலு வார்த்தை பேச மாட்டார். பிடிவாதத்துக்கு மட்டும் ஒன்றும் குறைச்சல் இல்லை.

அவருக்கு ஒரு பழக்கம். மற்றவர்கள் எல்லாம் உள்ளே என்ன சிப், எத்தனை ஜிபி என்று பேசும்போது இவர் வெளிப்பெட்டியைப் பற்றித்தான் பேசுவார். வீட்டு ஜனங்கள் அந்தப் பெட்டியோடுதானே வாழப்போகிறார்கள் என்பார். பெட்டி வாங்குவதற்கு முன் அதே அளவில் அட்டையை வெட்டி ஒட்டி, வாடிக்கையாளர் வீட்டில் வைத்துவிட்டு வருவார். மூன்று நாள் கழித்துப் போய் அதன்மேல் என்னென்ன ஏறியிருக்கிறது என்று பார்ப்பார். ஒரு வீட்டில் அயர்ன் பாக்ஸ் ஏறியிருந்தது. இன்னொரு வீட்டில் பூனை. இந்த ஆளுக்குக் கழன்றுவிட்டதா என்று பலபேர் என்னிடமே கேட்டிருக்கிறார்கள். எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு.

போன தை மாதம் சித்திரக்குளம் பக்கத்திலிருந்து வேதாந்தம் சார் கடைக்கு வந்தார். அவருடைய பெண் ஸ்ரீரஞ்சனிக்கு மெல்போர்னில் கல்யாணம். சார் போகிறார், ஆனால் பெண்ணைப் பெற்ற ஜலஜா அம்மாவால் போக முடியாது. விழித்திரை பிய்ந்து ஆபரேஷன் செய்து, கண்ணுக்குள் வாயு நிரப்பியிருந்தார்கள். அது கரைவதற்குள் விமானம் ஏறினால் கண்ணே போய்விடும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இன்னொரு கண் சின்ன வயதிலிருந்தே மங்கல். போனில் காட்டினால் வெறும் வெளிச்சமாகத்தான் தெரியும். பெரிய டிவிக்கு இரண்டடி தள்ளி உட்கார்ந்தால் முகம் தெரியும். அவர்கள் வீட்டு டிவியோ நெட் வராத பழசு.

அதற்காகத்தான் கம்ப்யூட்டர். டிவிக்குக் கீழே உள்ள பலகையில் அடங்க வேண்டும், சத்தம் போடக் கூடாது, ஹாலில் இருப்பதால் லட்சணமாகவும் இருக்க வேண்டும். கூடவே ஒரு காமிரா. தாலி ஏறும்போது அம்மா பெண்ணைப் பார்க்க வேண்டும், பெண் அம்மாவைப் பார்க்க வேண்டும், வேறு எதுவும் எனக்கு வேண்டாம் என்றார் சார்.

வழக்கம்போல அட்டைப் பெட்டி போனது. மூன்றாம் நாள் அதன்மேல் கண் சொட்டு மருந்து, மாத்திரை அட்டை, பூத்தட்டு எல்லாம் இருந்தன. மேல்பக்கம் முழுசாக மூடியிருக்கிற பெட்டிதான் இந்த வீட்டுக்கு, காற்று பக்கவாட்டில் போகட்டும் என்று முடிவு செய்தார்.

ரிச்சி தெருவில் சைஃப் பாய் கடையில் இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தார்கள். ரகுபதி சொன்னது சாம்பல் நிறத் தகரம், முகமே இல்லாத ஒரு டப்பா. இன்னொன்றைப் பார்த்ததும் எனக்குக் கை பரபரத்தது. முன்பக்கம் மர வேலைப்பாடு, ஓரமெல்லாம் வழவழப்பான அலுமினியம், மேலே தேன்கூடு மாதிரி துளைகள்.

"கல்யாண வூட்டு ஹால்ல வைக்கிறதுய்யா. இந்த டப்பாவையா வைப்ப?" என்றேன்.

"மேல துளை கீது மணி. அவங்க மேல எதுனா வைப்பாங்கோ" என்றார் என்னிடம்.

வைக்காதீர்கள் என்று சொன்னால் கேட்காத ஜனமா அது என்று எகிறினேன். சைஃப் பாயும் என் பக்கம் பேசினார். நாலு பேர் எதிரில் என்னோடு மல்லுக்கு நிற்கும் வழக்கம் ரகுபதிக்குக் கிடையாது. தலையாட்டிவிட்டார். ஜெயித்துவிட்ட தோரணையில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்தேன். அதை நினைத்தால் இப்போதும் என்னையே நாலு அறை அறையலாம் போலிருக்கிறது.

ஜலஜா அம்மா அந்த மரத்தை விரலால் தடவித் தடவிப் பார்த்தார். மேலே எதுவும் வைக்காதீர்கள் என்று ரகுபதி சொன்னதை அட்சரம் பிசகாமல் காப்பாற்றினார். ஒரு வாரம் அதன்மேல் ஒரு பூக்கூட ஏறவில்லை.

முகூர்த்தம் அங்கே பதினொன்றரை, நமக்குக் காலை ஆறு. எங்களையும் அழைத்திருந்தார்கள். இருட்டோடு பைக்கில் கிளம்பி வந்துவிட்டோம். ஹாலில் இருபது பேர் இருந்தார்கள். பட்டுப்புடவை கட்டி, தலை நிறையப் பூ வைத்து, டிவிக்கு எதிரே ஜலஜா அம்மா உட்கார்ந்திருந்தார். ஆளுக்கு ஒரு பிடி அட்சதை கொடுத்தார்கள், மஞ்சளும் நெய்யும் போட்டுப் பிசிறிய அரிசி. எனக்கும் கொடுத்தார்கள். எல்லாம் நல்லபடியாகத்தான் போனது. கன்னிகாதானத்துக்கு அப்பா மடியில் பெண் உட்கார்ந்தாள். தண்ணீர் ஊற்ற வேண்டிய தாயார் இங்கே இருந்ததால் அத்தைக்காரி ஊற்றினாள். மேளம் உச்சத்துக்குப் போனது.

ஜலஜா அம்மாவின் தம்பி சுவாமிநாதனுக்கு அவசரம். மேளத்தைக் கேட்டதும் தாலி கட்டுகிறார்கள் என்று நினைத்து, டிவியைப் பார்த்து அட்சதையை வீசினார். அவர் வீசியதும் என்னைத் தவிர எல்லாரும் வீசினார்கள். மண்டபத்தில் மணமக்கள் தலையில் விழ வேண்டிய அரிசி இங்கே டிவியில் பட்டுக் கீழே கொட்டியது. இது தாலி இல்லை, கூரைப்புடவையே இன்னும் கட்டிக்கொள்ளவில்லை என்று யாரோ சொன்னதும் ஹாலில் ஒரே சிரிப்பு.

ரகுபதி சிரிக்கவில்லை. பெட்டிக்கு மேலே மஞ்சள் அரிசி சிதறிக் கிடந்தது. நாங்கள் பார்க்கும்போதே இரண்டு அரிசிமணி துளை வழியாக உள்ளே போனது. கிரிச்சென்று ஒரு சத்தம் வந்தது. உள்ளே விசிறி நின்றால் சூட்டில் கருகாமல் மெஷின் தானே அணைந்துவிடும்படி அவர்தான் வைத்திருந்தார். டிவி கருப்பாகிவிட்டது.

ஜலஜா அம்மா அசையவே இல்லை. மெதுவாகக் கேட்டார்:

"ரகு, போனது டிவியா, என் கண்ணா?"

"மெஷின்தாம்மா. கண்ணுக்கு ஒண்ணும் இல்ல. தோ சரி பண்ணிடறேன்."

பெண் புடவை மாற்றிக்கொண்டு வர கால்மணி நேரம் ஆகும். அதற்குள் ஆக வேண்டும். அவர் பிளக்கைப் பிடுங்கி, பெட்டியைத் தரையில் வைத்து ஸ்குரூவைக் கழற்றினார். நெய் பிசுக்கோடு அரிசி விசிறி இறக்கைக்கும் சட்டத்துக்கும் நடுவில் இறுகியிருந்தது. ஸ்குரூ டிரைவர் நுனி உள்ளே போகவில்லை. கையை நீட்டினார், கொண்டையிலிருந்து ஊசியை உருவிக் கொடுத்தேன். ஒன்று வந்தது, இரண்டு வந்தது. விசிறியைச் சுண்டினால் பாதி சுற்றில் நின்றது. இன்னும் ஒன்று அச்சுக்கு அடியில் இருந்தது.

சுவாமிநாதனுக்கு மெல்போர்னிலிருந்து போன் வந்தது. பெண் புடவை கட்டிக்கொண்டு வந்துவிட்டாளாம். அவர் போனை வைத்துவிட்டு எங்கள் தலைக்கு மேல் நின்று கத்தினார். பார்த்துப் பெட்டி வாங்கத் தெரியாதா, ஓட்டைப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தால் இப்படித்தான் ஆகும் என்றார். கண்டபடி வீசியது யார் என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. ஆனால் ஓட்டைப் பெட்டிதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவள் நானல்லவா? எந்த முகத்தோடு கேட்பது?

ரகுபதி தலையைத் தூக்கவில்லை. "என் தப்புதான் சார். துளை கீதுன்னு தெரிஞ்சேதான் வாங்கினேன்" என்றார்.

பதினாறு வருஷமாக இந்த மனிதரோடு குடித்தனம் நடத்துகிறேன். எவ்வளவோ திட்டியிருக்கிறேன். அந்த நிமிஷம் எனக்கு அவர் காலைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. விசிறியை மொத்தமாகப் பெயர்த்து எடுத்து, கடைசி அரிசியைத் தட்டிவிட்டு மறுபடி மாட்டினார். மூடியைப் போட நேரமில்லை. திறந்தபடியே பலகையில் வைத்து ஸ்விட்சைப் போட்டார்.

விசிறி சுற்றியது. டிவியில் வெளிச்சம் வந்தது. அப்புறம் அந்தப் பாழாய்ப்போன வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. ஆறு மணி தாண்டிவிட்டது. ஜலஜா அம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டிருந்த கையில் நரம்பு புடைத்திருந்தது. இந்நேரம் கட்டியிருப்பார்கள் என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

படம் வந்தது. மண்டபத்தில் ஒருவரும் அசையவில்லை. மேளம் இல்லை. அப்பா மடியில் ஸ்ரீரஞ்சனி உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளை தாலியைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தார். வாத்தியார் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர்கள் பக்கத்துத் திரையில் ஜலஜா அம்மாவின் முகம் தெரிந்திருக்க வேண்டும், பெண் நிமிர்ந்தாள்.

"அம்மா வந்துட்டா. இப்போ கட்டுங்கோ."

மேளம் கொட்டியது. ஜலஜா அம்மா அழுதுகொண்டே அட்சதைக் கிண்ணத்தில் கைவிட்டு ஒரு பிடி எடுத்தார், எடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார். மூடியில்லாத மெஷின் கண்ணெதிரே சுற்றிக்கொண்டிருந்தது.

"ரகு, நான் போடலாமோ?"

"நீங்க போடுங்கம்மா. நான் பாத்துக்கறேன்."

டிவிக்கு முதுகைக் காட்டி மண்டிபோட்டு, பெட்டிக்கு மேலே காற்றுப் போக இடம் விட்டு, நெஞ்சையும் இரண்டு கையையும் கூரையாக வைத்துக்கொண்டு குனிந்தார். இருபது பேரும் வீசினார்கள். அரிசி அவர் தலையிலும் பிடரியிலும் சட்டைக் காலருக்குள்ளும் விழுந்தது. தாலி கட்டியதை அந்த ஹாலில் பார்க்காதவர் அவர் ஒருத்தர்தான்.

முதல் தடவை நான் வீசாமல் வைத்திருந்த அட்சதை என் உள்ளங்கையில் வியர்த்து ஒட்டிக்கொண்டிருந்தது. பெண்டாட்டி புருஷனுக்குப் போடலாமா என்று யாரையும் கேட்கவில்லை. கிட்டே போய் அவர் உச்சந்தலையில் போட்டேன்.