யார் கண்ணிலாவது பட வேண்டும்

தையல் கடைக்கு நேராக வந்ததும் லேப் சார் நடையை நிறுத்தினார். நடைபாதை விளிம்பில் மெல்ல உட்கார்ந்து, இடது கால் செருப்பின் வாரை அவிழ்த்து, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். வாருக்கு ஒரு கேடும் இல்லை. அவர் உதடுகள் மட்டும் அசைந்துகொண்டிருந்தன. பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று. பதினான்கு என்னும்போது உள்ளே ஓடிக்கொண்டிருந்த மெஷின் நின்றது. "என்ன சார் ஆச்சு? தண்ணி கொண்டு வரவா?" என்று டெய்லர் எட்டிப் பார்த்தார். "ஒண்ணுமில்ல, செருப்பு" என்று லேப் சார் நிமிர்ந்தபோது, பரீட்சையில் பாஸான பிள்ளை மாதிரி அவர் முகம் தெளிந்திருந்தது. மூலை திரும்பியதும் சட்டைப் பையிலிருந்து கையகல நோட்டை எடுத்து, 'டெய்லர், 14' என்று குறித்துக்கொண்டு நடையைத் தொடர்ந்தார்.

அவர் வாத்தியார் இல்லை. ஒரு கல்லூரியின் வேதியியல் கூடத்தில் முப்பத்தொரு வருஷம் உதவியாளர். பிள்ளைகளுக்கு அமிலம் அளந்து ஊற்றுவது, அவர்கள் உடைத்த குடுவையைக் கூட்டி அள்ளுவது, குழாய்களைக் கழுவிக் கவிழ்ப்பது, இதுதான் வேலை. இந்தத் தெருவுக்குக் குடிவந்த புதிதில் யாரோ விசாரித்ததற்கு "லேப்ல இருக்கேன்" என்று சொன்னார். அன்றைக்கே தெரு அவரை லேப் சார் ஆக்கிவிட்டது. மறுத்துச் சொல்ல அவருக்கும் மனசு வரவில்லை. சார் என்று கூப்பிட்டால் யாருக்குத்தான் கசக்கும்? ஒல்லி உடம்பு. கழுத்துப் பித்தான் வரை போட்ட சட்டை. அமிலம் பட்டுப் பட்டு வெளுத்துப்போன விரல் நுனிகள். எதையும் மூன்று முறை பார்த்தால்தான் அவருக்கு ஆறும். பாலை மூன்று முறை முகர்வார். பூட்டை மூன்று முறை இழுப்பார். "ஒரு தடவ பாத்தத வச்சு எதையும் எழுதிரக் கூடாது, மூணாவது தடவதான் ரிசல்ட்டு" என்பார். மனைவி தலையில் அடித்துக்கொள்வாள்.

ஓய்வு பெற எட்டு மாசம் இருக்கும்போது அது நடந்தது. கல்லூரியில் அப்போதுதான் லிஃப்ட் வைத்திருந்தார்கள். இவர் உடம்புக்கு நல்லது என்று படியில் ஏறினார். இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில், படி திரும்பும் இடத்தில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டது. உட்கார்ந்தார், பிறகு சாய்ந்தார், பிறகு கிடந்தார். மேலே பையன்கள் எதற்கோ விழுந்து விழுந்து சிரித்தார்கள். கீழே ஆபீஸ் அம்மாள் ஒருத்தி தன் மகளுக்குக் காய்ச்சல் விடவில்லை என்று போனில் சொல்லிக்கொண்டிருந்தாள். எத்தனை டிகிரி என்றுகூட அவருக்குக் கேட்டது. குரல்தான் வரவில்லை. நாற்பது நிமிஷம் கழித்து, படி துடைக்க வாளியோடு வந்த பெண் அவரைப் பார்த்து வாளியைப் போட்டுவிட்டு அலறினாள்.

அடைப்பை எடுத்து, நெஞ்சுக்குள் கம்பிச் சுருள் வைத்து அனுப்பினார்கள். பிழைத்துக்கொண்டார். சாவுக்கு எல்லோரும் பயப்படுகிறார்கள், அவரும் பயப்படுகிறார், அது கிடக்கட்டும். அவரைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறது அந்த நாற்பது நிமிஷம். பத்தடியில் ஆள் பேச்சுக் கேட்க, ஒருத்தர் கண்ணிலும் படாமல் கிடந்த அந்த நாற்பது நிமிஷம். மனைவியிடம் அதை "ஒரு அஞ்சு நிமிஷம் இருக்கும்" என்றுதான் சொல்லியிருக்கிறார்.

தினமும் முக்கால் மணி நேரம் நடக்கச் சொன்னார் டாக்டர். மற்றவர்கள் நடப்பதற்கு மரம் இருக்கிற இடமாகத் தேடுவார்கள். லேப் சார் கண் இருக்கிற இடமாகத் தேடினார். தான் குடியிருக்கும் கட்டடங்களைச் சுற்றியே, நாலு பக்கமும் ஆறு சுற்று. எங்கே விழுந்தாலும் யார் கண்ணிலாவது பட வேண்டும், அவ்வளவுதான் அவர் கேட்டது. அதற்காக அந்தச் சுற்றுவட்டத்தையே மனப்பாடம் செய்தார். ஆறே முக்காலுக்கு ஜெராக்ஸ் கடைப் பெண் ஷட்டரைத் தூக்கிவிட்டுத் தெருவைப் பார்த்து நின்று கண்ணாடி துடைப்பாள். ஏழுக்குள் மூலையில் பள்ளிக்கூட பஸ்ஸுக்குத் தாய்மார்கள் கூடிவிடுவார்கள். அதில் ஒருத்தி வீட்டில் தலை வாராமல் வந்து, ஹேர்பின்னைப் பல்லில் கடித்தபடி அங்கேயே மகளுக்குச் சடை பின்னுவாள். ஏழே காலுக்கு பஸ் போய்விட்டால் அந்த மூலை காலி. அதற்குள் அந்தப் பக்கத்தை மூன்று முறை கடந்துவிட வேண்டும்.

தெருவில் அவருக்கு நல்ல பெயர். சார் மாதிரி மனுஷர்கள் மேல் அக்கறை உள்ளவர் கிடையாது என்று ஜெராக்ஸ் கடைப் பெண் எல்லோரிடமும் சொல்வாள். யார் ஊருக்குப் போகிறார்கள், எப்போது திரும்புவார்கள் என்று கேட்டுத் தெரிந்துவைத்திருப்பாரே! டெய்லருக்குக் கண் ஆபரேஷன் என்றபோது அவர் பெண்டாட்டியைவிட இவர்தான் தவித்துப் போனார். "எந்தக் கண்ணு? எந்தக் கண்ணு?" என்று இரண்டு முறை கேட்டார். தெருப்பக்கக் கண். கட்டு அவிழ்க்கும் வரை அந்த வாசலில் அவர் கால் பின்னிக்கொண்டது.

மூன்றாவது பக்கம்தான் எமன். ஒரு கிடங்கின் மதில் சுவர், ஆரம்பத்திலிருந்து கடைசி வரை நூற்று நாற்பத்திரண்டு அடி எடுத்து வைக்க வேண்டும். கதவு இல்லை, ஜன்னல் இல்லை, ஈ காக்கை கிடையாது. அங்கே காலை வைக்குமுன் போனை எடுத்து மனைவியைக் கூப்பிடுவார். கூப்பிட்டால் ஏதாவது கேட்க வேண்டுமே, கேஸை மூடிட்டியா என்று கேட்பார். அவள் அடுப்படிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்வதற்குள் சுவர் தாண்டிவிடும். ஆறு சுற்றுக்கு ஆறு முறை. கொஞ்ச நாளில் அவள் அடுப்படிக்குப் போவதையே விட்டுவிட்டாள். உங்கப்பாவுக்கு மறதி ஆரம்பித்துவிட்டது என்று மகளிடம் சொல்லி அழுதும் இருக்கிறாள். இவர் அதையும் கேட்டுக்கொண்டு பேசாமல் இருந்தார். பயம் என்று சொல்வதற்கு மறதி என்ற பேர் தேவலை என்று தோன்றியது.

ஆள் இருந்தால் போதுமா, பார்ப்பார்களா என்ற சந்தேகம் வந்தபோதுதான் செருப்பு வாரைக் கண்டுபிடித்தார். லேப்காரர் அல்லவா, சோதித்துப் பார்க்காமல் எப்படி நம்புவார்? ஜெராக்ஸ் கடைப் பெண் ஒன்பது நொடி. டெய்லர் பதினான்கு. அடுக்குமாடி வாட்ச்மேன் போனிலிருந்து தலையைத் தூக்கவே நாலு நிமிஷம் ஆனது, தூக்கியும் எழுந்து வரவில்லை. அவனை நோட்டில் அடித்துவிட்டார்.

எல்லாம் மூன்று முறையோடு நின்றிருந்தால் தேவலை. இரண்டாவது வாரம் டெய்லர் நாற்பது நொடி எடுத்தார். லேப் சார் அந்த எண்ணுக்கு நோட்டில் அடிக்கோடு போட்டார். உறுதி செய்துகொள்ள இன்னும் மூன்று முறை உட்கார்ந்தார். ஒன்றரை நிமிஷம் ஆனது. பிறகு இரண்டரை. ஜெராக்ஸ் கடைப் பெண்ணும் வருவதை விட்டு, இருந்த இடத்திலிருந்தே சிரிக்க ஆரம்பித்தாள். என்ன மனுஷர்கள், பத்தடி தள்ளி ஒருத்தன் சுருண்டு கிடந்தால் ஏன் என்று கேட்க நாதியில்லையா என்று அவருக்கு ஆற்றாமையாக இருந்தது. பயம் ஏற ஏற அடிக்கடி உட்கார்ந்தார். அடிக்கடி உட்கார உட்கார நோட்டில் எண்கள் ஏறின. முப்பத்தொரு வருஷம் லேப்பில் இருந்த மனுஷனுக்கு இது உறைக்கவே இல்லை.

ஒரு புதன்கிழமை உறைத்தது. குனிந்து வாரை அவிழ்த்துக்கொண்டிருந்தவர் காதில், தையல் கடைக்குத் துணி கொடுக்க வந்த புது ஆளின் குரல் விழுந்தது. வெளியே ஒரு பெரியவர் ஒரு மாதிரி உட்கார்ந்திருக்கிறாரே என்று அந்த ஆள் பதறினான். டெய்லர் மெஷினை நிறுத்தவில்லை.

"அவரா? நம்ம லேப் சாருங்க. அவர் அப்படித்தான், அங்கங்க உக்காந்துக்குவார். தானா எந்திரிச்சுப் போயிருவார். நீங்க கண்டுக்காதீங்க."

குரலில் துளி வெறுப்பு இல்லை. பாசமாகத்தான் சொன்னார். லேப் சார் அவிழ்த்த வாரைத் திரும்ப மாட்டினார். தான் விழுந்தால் வரக்கூடாது என்று இந்தத் தெருவுக்கு இத்தனை நாளும் தானே பாடம் எடுத்திருக்கிறோம் என்பது அப்போதுதான் புரிந்தது. அன்று மீதிச் சுற்றை நடக்காமல் வீட்டுக்குப் போய், கதவைத் தாழ் போடாமல், கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தார். வேறு தெருவுக்குப் போகலாமா என்று யோசித்தார். அங்கே அவரை யாருக்குத் தெரியும்? வீட்டிலேயே இருக்கலாமா? மனைவி ஒன்பது மணிக்கு வேலைக்குப் போனால் ஆறுக்குத்தான் வருவாள், நடுவில் வீடே ஒரு மதில் சுவர்தான். அன்று இரவு அவர் பொட்டுக்கூடத் தூங்கவில்லை.

வியாழக்கிழமை மூன்றாவது சுற்றில், தையல் கடைக்கு நேராக, அவர் உட்கார்ந்தார். உட்கார நினைக்கவில்லை, கால் மடங்கிவிட்டது. பிடரியில் வேர்வை சில்லென்று இறங்கியது. நடு நெஞ்சில் யாரோ முழங்கையை ஊன்றி அழுத்துவது போல இருந்தது. பழைய நோவா, தூங்காத அசதியா, வெறும் பயமா, அவருக்கே தெரியவில்லை.

ஜெராக்ஸ் கடைப் பெண் துடைத்த துணியை உதறியபடி குட்மார்னிங் சொன்னாள். பஸ்ஸுக்கு ஓடிய ஒரு தாய், தாத்தா காலை மிதிக்காமல் சுற்றிப் போகச் சொல்லிப் பிள்ளையை இழுத்துப் போனாள். வாட்ச்மேன்கூட அதிசயமாகத் தலையைத் தூக்கிக் கையசைத்தான். டெய்லர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார். எல்லோர் கண்ணிலும் பட்டாயிற்று. மாடிப்படியில் யார் கண்ணிலும் படாமல் கிடந்தபோதுகூட அவர் இத்தனை தனியாக இருந்ததில்லை.

போனை எடுத்து மனைவியைக் கூப்பிட்டார். மணி அடித்த உடனே எடுத்தாள். "மூடிட்டேங்க. ரெண்டு தடவ பாத்துட்டேன்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

இனிமேல் வாயைத் திறந்து சொன்னால்தான் உண்டு. அதைத்தான் அவர் இதுவரை யாரிடமும் செய்ததில்லை. வெட்கமாக இருந்தது. இவ்வளவுதானா லேப் சார் என்று தெரு சிரிக்கும், இத்தனை நாள் நடிப்பா என்று கேட்கும். கேட்கட்டும் என்று நினைத்து, "டெய்லர்" என்றார். வெறும் காற்றுதான் வந்தது. மெஷின் சத்தத்தில் அது அமுங்கிப் போயிற்று. கையைத் தரையில் ஊன்றி இன்னொரு முறை கூப்பிட்டார். டெய்லர் நிமிர்ந்தார்.

"இது செருப்பு இல்ல டெய்லர். இத்தன நாளா வேணும்னேதான் உக்காந்தேன். இன்னிக்கு நெஜம். எனக்குப் பயமா இருக்கு, கிட்ட வாங்க."

மெஷின் நின்றது. ஊசியடியில் துணி அப்படியே கிடக்க, மடியில் ஒட்டிய நூல் துண்டுகளோடு டெய்லர் வெறுங்காலில் ஓடிவந்தார். குனிந்து முகத்தைப் பார்த்ததுமே அவருக்கு விளங்கிவிட்டது. வாட்ச்மேனைப் பார்த்து வண்டி பிடிக்கச் சொல்லிக் கத்தினார். ஜெராக்ஸ் கடைப் பெண் துணியைப் போட்டுவிட்டு வந்தாள். தானே ஓடினால் சீக்கிரம் ஆகும் என்று டெய்லர் எழப் பார்த்தார், முடியவில்லை. லேப் சார் அவருடைய வலது கையை இழுத்துத் தன் நெஞ்சின் மேல் வைத்து, அதன் மேல் தன் இரண்டு கைகளையும் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார்.